வேரில்லாச் செடியும் விதர்ப்ப வெயிலும்

(சங்கத்தின் ஆண்டு விழாவில் ஆற்றிய உரை)

 

இம்மேடையில் இலக்கியம் பேசப் புலவர்கள் இருக்கின்றனர். இசை பாட வல்லவர்கள் இருக்கின்றனர். சரக்கு அலுவலகத்தில் எண்களைக் கூட்டிக் கழித்துக்கொண்டிருக்கும் எம்போன்ற எழுத்தர்க்கு இங்கு என்ன வேலை என்று நீங்கள் வினவலாம். பள்ளி இறுதி வகுப்போடு நின்றுவிட்டது எமது கல்வி. தாவர நூல் கற்றவர் அல்லோம். ஆயினும், சங்கச் செயலாளர் அவர்கள், “உங்கள் வீட்டுத் தாழ்வாரத்தில் தொங்கும் அந்த நரைத்தாடியைப் பற்றிப் பேசுங்கள், காலனியில் பாதிப் பேர் அதை வாங்கி வைத்துக்கொண்டு தவிக்கிறார்கள்” என்று பணித்தார். அப்பணியைத் தட்ட இயலாமல் இங்கு வந்து நிற்கின்றோம்.

நம் காலனியில் ஓட்டு வீடுகள் இருந்த நாள்களைப் பெரியவர்கள் மறந்திருக்கமாட்டார்கள். ஒவ்வொரு வீட்டின் கொல்லையிலும் ஒரு முருங்கையும், ஒரு கறிவேப்பிலையும், இரண்டு வாழையும் நின்றன. இன்று நாம் மாடிக் கட்டடங்களில் வாழ்கின்றோம். மூன்றாம் மாடியில் குடியிருப்பவர்க்கு மண் என்பது விலை கொடுத்து வாங்கி, மூட்டையாகப் படியேற்ற வேண்டிய சரக்கு. இந்நிலையில், மண்ணே வேண்டாத செடி ஒன்று உண்டு என்று நர்சரிக்காரர் சொன்னதும் பலரும் விரும்பி வாங்கினர். அதுவே ஸ்பானிஷ் மாஸ். வாங்கியது மார்கழியில், வைகாசிக்குள் பல வீடுகளில் அது கருகிற்று. “எங்கள் கைக்கு இது ராசியில்லை” என்று வருந்தியவர் பலர். ராசிக்கும் இதற்கும் தொடர்பில்லை. இச்செடியின் இயல்பு அறியாமையே காரணம் என்பதை எடுத்துரைப்பதே இவ்வுரையின் நோக்கமாகும்.

முதலில் பெயரைப் பார்ப்போம். ஸ்பானிஷ் மாஸ் என்னும் இரண்டு சொற்களில் இரண்டும் பிழை. இச்செடி ஸ்பெயின் நாட்டினதன்று. அமெரிக்கக் கண்டங்களுக்கு உரியது. வடக்கே வர்ஜீனியா தொடங்கித் தெற்கே அர்ஜென்டினா, சிலி வரை இது பரவியிருக்கின்றது. லூயிசியானா, புளோரிடா முதலிய மாநிலங்களில் ஓக் மரங்களிலும் சைப்ரஸ் மரங்களிலும் இருபது அடி நீளம் வரை திரைச்சீலைபோல் தொங்கும். அங்குக் குடியேறிய பிரெஞ்சுக்காரர்கள் தம் பகைவரை ஏளனம் செய்ய இதனை “ஸ்பானியர் தாடி” என்றனராம். ஸ்பானியர் சும்மா இருப்பரோ? “பிரெஞ்சுக்காரர் பொய்முடி” என்று திருப்பி உரைத்தனராம். சண்டையில் வென்றது தாடி.

பெயரின் மற்றொரு பாதியாகிய “மாஸ்”, அதாவது பாசி என்பதும் பொருந்தாது. பாசிக்குப் பூவில்லை, இதற்கு உண்டு. பசுமையும் மஞ்சளும் கலந்த மூன்று இதழ்களையுடைய மிகச் சிறிய பூ அது. இரவில் மெல்லிய மணம் வீசும். நம் தாய்மார்கள் மசாலைக்கு வாங்கும் கல்பாசிக்கும் இதற்கும் உறவில்லை. கல்பாசி, காளானும் நுண்பாசியும் இணைந்து வாழும் வேறோர் இனம். நம் செடியோ அன்னாசிக் குடும்பத்தைச் சேர்ந்தது. முள்ளும் முரடுமாகிய அன்னாசிக்கு, முடிபோல் மெலிந்த இந்தச் செடி ஒன்றுவிட்ட தங்கை!

தாவரங்களுக்குப் பெயரிட்ட சுவீடன் நாட்டு அறிஞர் லின்னேயஸ் 1762ஆம் ஆண்டில் இதற்குத் தில்லாண்ட்சியா உஸ்னியாய்டெஸ் என்ற பெயரை வழங்கினார். உஸ்னியா என்பது மரக்கிளைகளில் தாடிபோல் தொங்கும் ஒரு கல்பாசி இனம். அதுபோன்றது என்பது பின்பாதியின் பொருள். முன்பாதி, எலியாஸ் தில்லாண்ட்ஸ் என்னும் மருத்துவப் பேராசிரியரைக் குறிப்பது. 1640 முதல் 1693 வரை வாழ்ந்த அவர், பின்லாந்திலிருந்து ஸ்டாக்ஹோமுக்கு ஒருமுறை கடல் கடந்து சென்றபொழுது குமட்டலால் பெரிதும் துன்புற்று, திரும்புகையில் கப்பலேறாமல், வளைகுடாவைச் சுற்றிக்கொண்டு ஆயிரம் கிலோமீட்டருக்கு மேல் நடந்தே வீடு சேர்ந்தார் என்று சொல்வர். இச்செடியினங்களும் நீரை வெறுப்பவை என்று கருதியே லின்னேயஸ் அவர் பெயரைச் சூட்டினார்.

அன்பர்களே! இங்குதான் தொல்லை தொடங்குகிறது. அன்று பெயரில் புகுந்த கருத்தை இன்று நர்சரிக்காரரும் சொல்கிறார்: “இது காற்றைக் குடித்து வாழும் செடி, தண்ணீரே வேண்டாம்.” இச்சொல்லை நம்பியவர் வீட்டுச் செடிதான் வைகாசியில் கருகிற்று. மண் வேண்டாம் என்பது உண்மை. நீர் வேண்டாம் என்பது பொய். தாய்நாட்டில் இது ஆறுகளின் ஓரத்திலும் சதுப்பு நிலங்களிலும் ஈரக்காற்று வீசும் இடங்களிலும் செழிக்கும் செடி. மழையும் பனியும் மூடுபனியும் இதன் உணவு விடுதிகள்.

வேரில்லாமல் நீரை எவ்வாறு பருகுகிறது? விதையிலிருந்து முளைக்கும் பருவத்தில் சிறு வேர் தோன்றும்; விரைவில் அது அழிந்துவிடும். அதன்பின் வேரின் வேலை முழுவதையும் இலைகளே மேற்கொள்கின்றன. இலைகளின்மேலும் தண்டின்மேலும் மீன் செதிள்போல் நுண்ணிய செதிள்கள் அடுக்கடுக்காகப் படர்ந்திருக்கின்றன. வறண்டபொழுது இச்செதிள்கள் ஒளியைச் சிதறச் செய்வதால் செடி வெண்சாம்பல் நிறமாகத் தோன்றுகிறது. நீர் பட்டவுடன் செதிள்கள் அதனை உறிஞ்சி, உள்ளே இருக்கும் பசுமையை வெளிக்காட்டுகின்றன. சில நிமிடங்களில் நரை பச்சையாகும். இந்நிறமாற்றமே செடியின் தாகத்தை நமக்கு அறிவிக்கும் கைகாட்டி. சாம்பல் நிறம் கண்டால் நீர் தருக; பச்சை நிறம் கண்டால் பொறுத்திருக்க.

மற்றுமோர் அதிசயம் உண்டு. பெரும்பாலான செடிகள் பகலில் இலைத்துளைகளைத் திறந்து காற்றை வாங்கும். இச்செடி பகலில் துளைகளை மூடிக்கொண்டு, இரவில் திறந்து கரியமிலவாயுவைச் சேமித்து, மறுநாள் வெயிலில் அதனைக் கொண்டு உணவு சமைக்கிறது. பகலில் திறந்தால் உள்ளிருக்கும் நீர் ஆவியாகிவிடும் அன்றோ? இரவுப் பணி முடித்து வந்து, பகலில் கதவைத் தாழிட்டு உறங்கும் கார்டுகளும் டிரைவர்களும் நிறைந்த நம் காலனிக்கு இதனை விளக்கத் தேவையில்லை. இதுவும் நம்மவரே, இரவுப் பணியாளர்!

இனி வளர்க்கும் முறையைக் கூறுவோம்.

வாங்கும்பொழுதே உயிருள்ளதா என்று பார்க்க வேண்டும். அலங்காரப் பொருள் விற்கும் கடைகளில் சாயமேற்றிப் பையில் அடைத்து விற்பது இறந்த செடி. எத்துணை நீர் தெளித்தாலும் அது வளராது. இழையொன்றை நகத்தால் சுரண்டினால் உள்ளே பச்சை தெரிய வேண்டும். குதிரைமயிர் போன்ற கருநார் மட்டும் தெரிந்தால் அவ்விழை இறந்தது.

வெளிச்சம் நிறைய வேண்டும். ஆனால் உச்சிவெயில் நேராகப் படலாகாது. கிழக்கு நோக்கிய தாழ்வாரம் மிக ஏற்றது. மேற்கு முகமாயின் ஒரு பச்சை வலைத்துணி கட்டுக. கட்டுவதற்கு நைலான் கயிறோ மூங்கில் கழியோ போதும். செம்புக் கம்பியில் ஒருபோதும் தொங்கவிடாதீர்கள். செம்பு இதற்கு நஞ்சு. மயில்துத்தம் கலந்த மருந்தை அருகில் தெளிக்கவும் வேண்டா. செப்புக் குடத்து நீர் நமக்கு நல்லதென்று பலர் அருந்துகின்றோம். அதைச் செடிக்கு ஊற்றாதிருப்பது நலம். ஏசி இயந்திரத்திலிருந்து சொட்டும் நீரைச் சிக்கனம் கருதிப் பிடித்து வைப்போரும் உளர். அந்நீர் உலோகச் சுருளில் படிந்து வருவது. அச்சுருள் செம்பாகவும் இருக்கலாம். ஆகவே அதனையும் தவிர்க்க.

நீர் தரும் முறையில்தான் வெற்றியும் தோல்வியும் இருக்கின்றன. ஒரு வாளியில் நீர் நிரப்பிச் செடியைப் பத்து முதல் இருபது நிமிடம் அமிழ்த்தி எடுக்கலாம். அல்லது நன்றாக நனையும் வரை தெளிக்கலாம். பின்னர் உதறி, காற்றில் தொங்கவிட வேண்டும். நான்கு மணி நேரத்திற்குள் அது உலர்ந்துவிட வேண்டும். சரக்கு வந்து சேர்ந்தும் வாகனை உரிய நேரத்தில் இறக்காதவர்க்கு டெமரேஜ் விழுவதுபோல, வந்த நீர் வடியாமல் கொத்தின் நடுவிலே தங்குமாயின் அழுகல் என்னும் தண்டம் விழும். காலையில் நீர் தருவதே சிறந்தது. இரவில் துளைகள் திறக்கும் நேரத்தில் செடியின்மேல் நீர்ப்படலம் மூடியிருந்தால் அதனால் காற்றை வாங்க இயலாது.

நாகபுரியின் கோடையை நாம் அறிவோம். 45 பாகையைத் தொடும் நாள்களில், அனல்காற்று ஈரத் துணியையே நொடியில் காய வைக்கிறது. சித்திரை வைகாசியில் நாள்தோறும் காலையில் நீர் தருக. மாலை ஐந்து மணியளவில் ஒருமுறை தெளிக்கவும் செய்க. பகலில் வெளித் தாழ்வாரத்தை விடுத்து, கூலர் ஓடும் அறையின் சன்னலோரத்திற்கு மாற்றுக. கூலரின் ஈரக்காற்று இதற்குத் தாய்நாட்டுக் காற்றை நினைவூட்டும். ஆனால் கூலரின் வாய்க்கு நேரே கட்டலாகாது. ஆனி பிறந்து மழை பிடித்துவிட்டால் வெளியே தொங்கவிட்டு நாம் ஓய்வு கொள்ளலாம், மழை பார்த்துக்கொள்ளும். கார்த்திகை முதல் மாசி வரை வாரத்திற்கு இரண்டு மூன்று முறை நீர் போதும். இரவில் 10 பாகைக்குக் கீழே குளிர் இறங்கும் நாள்களில் வீட்டினுள்ளே கொண்டு வருக.

எந்த நீர் என்பதும் முக்கியம். நம் கட்டடங்களின் ஆழ்குழாய் நீரில் சுண்ணம் மிகுதி. குளியலறைக் குழாயின் வெள்ளைப் படிவே அதற்குச் சான்று. அப்படிவு செதிள்களின்மேல் படிந்தால் செடியின் வாய் அடைபட்டுவிடும். மழைநீரே தலையாயது. மழைக்காலத்தில் பிளாஸ்டிக் கேனில் பிடித்து மூடி வைத்துக்கொள்ளலாம். அஃது இல்லாதபொழுது ஆர்.ஓ. நீர் தருக. ஆர்.ஓ. கருவி கழித்துத் தள்ளும் நீரை மட்டும் தராதீர்கள். உப்பெல்லாம் அதில்தான் திரண்டிருக்கிறது.

எரு மிகச் சிறிதே தேவை. திரவ எருவைப் புட்டியில் குறித்த அளவில் நான்கில் ஒரு பங்காகக் குறைத்து, மாதம் ஒருமுறை மழைக்காலத்தில் தந்தால் போதும். அதில் செம்பு கலந்திருக்கிறதா என்று சீட்டைப் படித்துப் பார்க்க. எரு தராவிடினும் செடி இறவாது. மெல்ல வளரும், அவ்வளவே. அடுப்பங்கரையில் கட்ட வேண்டா. தாளிக்கும் எண்ணெய்ப் புகை செதிள்களை மூடும். காற்றில் உள்ளதையெல்லாம் தன்மேல் சேர்த்துக்கொள்ளும் இயல்புடையது இது. பிரேசில் முதலிய நாடுகளில், காற்றில் கலந்துள்ள உலோக மாசினை அளந்தறிய ஆராய்ச்சியாளர் இச்செடியைத் தொங்கவிடுகின்றனர். இதனைக் கேட்டுச் சிலர், இரண்டு கொத்து கட்டினால் வீட்டுக் காற்றே தூய்மையாகிவிடும் என்று எண்ணுகின்றனர். அது மிகை. ஓர் அறையின் காற்றைக் கண்கூடாகத் தூய்மை செய்ய வேண்டுமாயின் மனிதர் நிற்க இடமில்லாதபடி செடிகளை அடுக்க வேண்டும். சன்னலைத் திறத்தலே எளிது.

கொத்து தடித்துவிட்டால் உட்புற இழைகள் காற்றின்றிப் பழுப்பாகும். அவற்றை நீக்கி, கொத்தைப் பிரித்து மெல்லியனவாகத் தொங்கவிடுக. பிரித்த ஒவ்வொரு பிடியும் தனிச் செடியாக வளரும். அண்டை வீட்டாருக்குக் கொடுக்கலாம். ஆனால் சாலையோர வேம்பிலும் மாவிலும் எறிந்துவிடாதீர்கள். ஆஸ்திரேலியாவில் இது தோட்டங்களிலிருந்து தப்பி மரங்களில் பரவியிருக்கிறது. விருந்தினர் விருந்தினராக இருப்பதே முறை.

நிற்க. காலனியில் எழுந்த இரண்டு மறுப்புகளுக்கு விடை கூற வேண்டும்.

வாசலில் முடி தொங்குவதுபோல் இருக்கிறது, இது மங்கலமன்று என்று முதியோர் சிலர் கூறுகின்றனர். சடைமுடி தாங்கிய கடவுளை நாள்தோறும் கைதொழும் நாம் ஒரு செடியின் சடையைக் கண்டு அஞ்சுவானேன்? அஞ்சுவோர் வாசலை விடுத்துப் பக்கத்துச் சன்னலில் கட்டுக. பெரியோர் மனமும் நோகாது, செடியும் பிழைக்கும்.

மற்றொரு மறுப்பு, இது புல்லுருவி என்பது. நம் ஊர் மாமரத்தில் புல்லுருவி பற்றியதைக் கண்டவர்கள் அவ்வாறு ஐயுறுவது இயல்பே. புல்லுருவி மரத்தின் உடலுக்குள் வேரைச் செலுத்தி அதன் சாற்றை உறிஞ்சும், அது ஒட்டுண்ணி. நம் செடியோ தொற்றுத் தாவரம். மரத்திடம் அது பெறுவது தங்குவதற்கு ஒரு கிளை. உணவைத் தானே தேடிக்கொள்கிறது. அளவு மீறி வளர்ந்தால் மட்டுமே நிழலாலும் எடையாலும் கிளைக்குச் சுமையாகும். இச்செடியால் பயனும் உண்டு. தாய்நாட்டில் சிறு பறவைகள் அதனுள் கூடு கட்டுகின்றன. வௌவால் இனமொன்று அதில் ஒடுங்குகிறது. மனிதர்க்கும் அது பயன்பட்டது. லூயிசியானாவில் பிரெஞ்சுக் குடியேறிகள் இதனை மண்ணோடு குழைத்துச் சுவர் எழுப்பினர். நம் ஊரில் தேங்காய் மட்டையை நீரில் ஊறவைத்து நார் எடுப்பதுபோல், இதனையும் ஊறவைத்து மேல்தோலை நீக்கிக் கருநார் எடுத்து, மெத்தைகளுக்கும் நாற்காலிகளுக்கும் மோட்டார் வண்டி இருக்கைகளுக்கும் திணித்தனர். ரப்பர் நுரை மெத்தை வந்த பிறகு, இருபதாம் நூற்றாண்டின் நடுவில் அத்தொழில் மங்கிற்று.

அன்பர்களே! இன்று இம்மேசைமேல் இருக்கும் கொத்துகள் எங்கிருந்து வந்தன என்பதையும் சொல்ல வேண்டும். எம்மோடு பணியாற்றிய நண்பர் ஒருவர் பணிக்காலத்திலேயே மறைந்தார். அவர்தம் துணைவியார் விதிப்படியான காலத்திற்குள் குவார்ட்டர்ஸை ஒழித்துக்கொடுத்து, தென்பாண்டி நாட்டிலுள்ள உடன்பிறந்தார் இல்லத்திற்குச் செல்ல வேண்டியதாயிற்று. அவ்வம்மையார் வளர்த்த தொட்டிகள் இருபதுக்கு மேல் இருக்கும். துளசியை ஒரு வீட்டிற்கும், மருவை ஒரு வீட்டிற்கும், கறிவேப்பிலையைக் கீழ்வீட்டிற்கும் கொடுத்தார். ஒவ்வொரு தொட்டி படியிறங்கும்பொழுதும் அவர் அறைக்குள் சென்று நின்றுகொண்டார். எஞ்சியது இச்செடி ஒன்றே. முதல்நாள் நன்றாக உலர்த்தி, செய்தித்தாளில் சுற்றி, துணிப்பையில் வைத்துத் தாமே மடியில் எடுத்துச் சென்றார். இரண்டு இரவுப் பயணம். போகும் முன்னர் பாதியைப் பிரித்து எம் இல்லத்தாரிடம் அளித்தார். “மண்ணில் வைத்ததை எல்லாம் விட்டுவிட்டுப் போகிறேன் அண்ணி, இது ஒன்றுதான் கூட வருகிறது” என்றார். அங்குச் சன்னலோரத்தில் அது நலமாக இருக்கிறது என்று அவர்தம் மகள் எழுதியிருக்கிறாள். அவர் தந்த பாதிதான் வளர்ந்து, பிரிந்து, இன்று இருபது கொத்துகளாக இங்கு இருக்கிறது.

வெளியூர் வாழ் தமிழர்களாகிய நம்மையும் வேரில்லாச் செடி என்று சிலர் உவமை கூறுவர். அவ்வுவமையை நாம் முழுவதும் ஏற்கவில்லை. வேரின்மையால் இச்செடி வாழவில்லை. நாள்தோறும் சிறிது நீர் பெறுவதால் வாழ்கிறது. நம் குழந்தைகள் பள்ளியில் இந்தியும் தெருவில் மராத்தியும் பேசுகின்றனர். அது குறையன்று, அம்மொழிகள் நமக்குத் தங்கக் கிளை தந்த மரங்கள். ஆனால் தமிழ் என்னும் நீரை நாம் எவ்வாறு தருகின்றோம்? ஆண்டு விழாவன்று ஒரே நாளில் வாளி நிறைய அமிழ்த்திவிட்டு, மற்ற 364 நாளும் அனல்காற்றில் தொங்கவிட்டால் எச்செடியும் பிழைக்காது. இரவு உணவின்போது பத்து நிமிடம் தமிழில் பேசுக; வாரம் ஒரு மடலைப் பாட்டிக்குத் தமிழில் எழுதச் செய்க. சிறிது சிறிதாக, இடைவிடாமல், உள்ளே வடியும்படி. அதற்கு மேல் எமக்கு ஒன்றும் சொல்லத் தெரியாது.

விழா முடிந்ததும் குடும்பத்திற்கு ஒரு கொத்து என எடுத்துச் செல்லுங்கள். நீர் தரும் பொறுப்பைக் குழந்தைகளிடம் விடுங்கள். சாம்பல் நிறம் கண்டதும் அவர்களே ஓடிவந்து சொல்வார்கள், “அம்மா, செடிக்குத் தாகம்” என்று. அதனைத் தமிழில் சொல்லச் செய்வது உங்கள் பொறுப்பு.